போரைப் பார்க்காத மகனுக்கு ஏன் இந்தப் பயம்? கிளிநொச்சித் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். உங்கள் மகன் 2012 இல் பிறந்தவன், தரம் எட்டில் படிக்கிறான், ஒரு ஷெல் சத்தம்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் இடி இடித்தால் அவனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கல்யாண வீட்டில் படம் எடுக்க விட்ட ட்ரோன் தலைக்கு மேலே வந்தபோது மேசைக்கு அடியில் போய் இருந்துவிட்டான். உங்கள் அப்பப்பா 1977 கலவரத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்தவர். அவர் உங்கள் அப்பாவை அடித்தார், அப்பா உங்களை அடித்தார், நீங்கள் இப்போது மகனை அடிக்கிறீர்கள். பாடசாலையில் அவனைத் ‘தோட்டக்காட்டான்’ என்று, மலையகத் தமிழரை இழிவுபடுத்தும் சொல்லால், அழைக்கிறார்கள். ‘இது எங்கள் இரத்தத்திலேயே ஊறிவிட்டதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மே மாதம் வருகிறது, 2009 இல் முள்ளிவாய்க்காலில் பட்டினி கிடந்த சனங்கள் குடித்த கஞ்சியின் நினைவாகக் கஞ்சி கொடுக்கும் இடத்துக்கு அவனைக் கூட்டிப் போகலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இரத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாலும், எனக்குக் கேட்டது இதுதான்: என் பிள்ளையை நான்தான் கெடுத்துவிட்டேனா, இது என்னோடு நிற்குமா? அதற்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. 2011 முதல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். நான் மனநல வைத்தியர் அல்ல. மருந்து எழுதவோ, நேரில் பார்க்காத பிள்ளைக்கு இன்ன நோய் என்று பெயர் வைக்கவோ எனக்குத் தகுதி இல்லை. 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்து, மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்தில் இருந்து, அதன் பிறகு இந்த வேலைக்குப் படித்தவள். ஆகவே நான் சொல்வதில் படித்ததும் உண்டு, பட்டதும் உண்டு. எது எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

இரத்தம் பற்றிய கேள்வியை முதலில் பார்ப்போம். பெற்றோரின் துயரம் மரபணுவில் பதிந்து பிள்ளைக்குப் போகிறது என்ற பேச்சு இப்போது யூடியூப் எங்கும் இருக்கிறது. அதற்கு ஆதாரமாக அதிகம் காட்டப்படுவது நியூயோர்க்கில் ரேச்சல் யெஹுதா குழுவினர் செய்து 2016 இல் வெளியிட்ட ஆய்வு. நாசிகளின் யூத இனப்படுகொலையில் தப்பியவர்கள் 32 பேரையும், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 22 பேரையும் சோதித்தார்கள். உடலின் பதற்றத்தைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள ஒரு மரபணுவின் மேல் இரண்டு தலைமுறையிலும் மாற்றம் தெரிந்தது. ஆனால் ஆட்கள் மிகக் குறைவு. பெற்றோரில் ஒரு திசையிலும் பிள்ளைகளில் எதிர்த் திசையிலும் அந்த மாற்றம் இருந்தது. அது பிறப்பிலேயே வந்ததா, அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்ததால் வந்ததா என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரிக்கவும் முடியாது. இதற்கு முன்பே, 2003 இல், நெதர்லாந்தின் வான் ஐசென்டூர்ன் குழுவினர் 4,418 பேரைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். சிகிச்சைக்கு வந்தவர்களை விட்டுவிட்டுப் பொதுவாகச் சமூகத்திலிருந்து எடுத்த பிள்ளைகளில், பெற்றோரின் மனவடு, அதாவது மனத்தில் ஆறாமல் நிற்கும் காயம், தொற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கருவில் இருந்த காலத்துப் பசி பற்றி மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்: 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பட்டினி கிடந்த தாய்மாரின் வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு, வளர்ந்த பிறகு சர்க்கரை தொடர்பான கோளாறுகள் கூடுதலாக வந்தன. உங்கள் மகன் 2009 இல் உங்கள் வயிற்றில் இல்லை. இரத்தத்தில் ஊறிவிட்டது என்ற முடிவுக்கு இன்றைய அறிவு இடம் தரவில்லை. பயம் வீட்டுக்குள்ளே, கண்ணுக்கு முன்னாலேயே கைமாறுகிறது என்பதற்குத்தான் சான்று மிகுதி.

அது எப்படிக் கைமாறுகிறது என்று நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 கார்த்திகை மாதம், விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, சுவருக்கு இன்னும் சீமெந்து பூசவில்லை. அந்தத் தாயும் நானும் விறாந்தையில் பாய் போட்டு இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். இடி இடித்தது. அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. பேசிக்கொண்டே கையை நீட்டி, கதவு நிலையில் ஆணியில் தொங்கிய பொலித்தீன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வன்னியில் அந்தப் பை இல்லாத வீடு குறைவு என்பது உங்களுக்குத் தெரியும்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, காணாமல் போனவரின் ஒரு படம். முற்றத்தில் சிரட்டையில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்த அவருடைய ஆறு வயது மகள் எழுந்து வந்தாள். வாசலில் கிடந்த தன் செருப்பைப் போட்டுக்கொண்டு, விறாந்தையில் ஏறி, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். செருப்போடு விறாந்தையில் ஏறினால் மற்ற நேரத்தில் அந்த வீட்டில் பேச்சு விழும். “யார் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டேன். தாய் குனிந்து செருப்பைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. போரின் கடைசி மாதங்களில் புதுமாத்தளனில் வெறுங்காலோடு ஓடியவர் அவர். பிள்ளை பிறந்தது 2011 இல்.

உங்கள் மகன் மேசைக்கு அடியில் போவதற்கு ஒரு நொடி முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கல்யாண வீடுகளில் ட்ரோன் எழும்பும்போது, வயது வந்தவர்கள் கறி பரிமாறிய கையோடு அப்படியே நின்று மேலே பார்ப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் வைத்த பெயர் வண்டு. வண்டு சுற்றிவிட்டுப் போனால் பின்னால் என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். மகனுக்கு அது தெரியாது. அம்மாவின் முகம் மாறியது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். 1985 இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனை எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடிப் பலகையில் விட்டார்கள். நடுவில் பள்ளம் இருப்பதுபோல் தெரியும். மறுபக்கத்தில் நின்ற தாய் சிரித்த முகத்தைக் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். தாய் பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. சொல் ஒன்றும் தேவைப்படவில்லை. இது நீங்கள் செய்த பிழை அல்ல, தங்கச்சி. தாயின் முகத்தைப் பார்த்து ஆபத்தை அறிவது பிள்ளை உயிர் பிழைக்க இயற்கை வைத்த வழி. உங்கள் முகம் உங்களைக் காப்பாற்றிய முகம்.

ஆனால் எங்கள் வீடுகளில் பிள்ளைக்குப் பயம் மட்டும் போகிறது, அதன் கதை போவதில்லை. என்னுடைய பதிலில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள். கதை தெரிந்த பயத்துக்கு ஒரு காலமும் இடமும் இருக்கும்: அது 2009, அது வலைஞர்மடம், இது இன்றைய கிளிநொச்சி, இது இடி. கதை தெரியாத பயத்துக்கு எல்லையே இல்லை. பிள்ளை அதைத் தன்னுடைய குணம் என்று எடுத்துக்கொள்வான். நான் ஒரு கோழை என்று நினைப்பான். என் மகள் ஒன்பது வயதில் கேட்டாள்: “அம்மா, பெரியம்மாவின் பெயரைச் சொன்னால் ஏன் எல்லோரும் எழும்பிப் போகிறீர்கள்?” ஊரெல்லாம் போய் மற்றவர்களைப் பேச வைத்த நான், என் வீட்டில் என் அக்காவைப் பற்றி ஒரு வசனம் சொல்லியிருக்கவில்லை. குடும்பக் கதைகள் அதிகம் தெரிந்த பிள்ளைகள் மனத்தளவில் உறுதியாக இருக்கிறார்கள் என்று அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் டியூக், ஃபிவுஷ் என்ற இரு அறிஞர்கள் கண்டார்கள். அது சிறிய ஆய்வு, அந்த நாட்டுக் குடும்பங்களைப் பற்றியது. கதை சொன்னதால் பிள்ளை உறுதியானதா, அமைதியான வீடாக இருந்ததால் கதையும் சொல்லப்பட்டதா என்றும் கேட்கலாம். ஆனாலும் நான் இங்கே வருடக்கணக்காகப் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது.

ஏன் சொல்லாமல் இருக்கிறோம் என்பதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை லேசாக எண்ணக்கூடாது. செத்தவரைப் பற்றிப் பேச ஓரளவு முடிகிறது. காணாமல் போனவரைப் பற்றிப் பேச முடிவதில்லை. இறந்தவர் என்று சொன்னால் நாமே கொன்றதுபோல், உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் பிள்ளைக்கு ஆசை காட்டியதுபோல். போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். எந்தச் சடங்காலும் முடித்துவைக்க முடியாத துக்கம் அது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு வந்து போராட்டம் இருந்த அம்மாக்கள் அந்தத் துக்கத்தைத்தான் வீதிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் போராட்டக் கொட்டிலில் இருந்து வீட்டுப்பாடம் செய்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு காரணம் வெட்கமும் குற்றவுணர்வும். கடைசி வருடங்களில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டுப் பிள்ளை பிடித்தபோது, ஒளித்து வைத்தவர்கள், பதினாறு வயதில் தாலி கட்டி வைத்தவர்கள், ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையைக் கொடுத்தவர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளை ஒளிந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள் எல்லோரும் இன்று ஒரே ஒழுங்கையில் வாழ்கிறார்கள். ஷெல்லடியைப் பற்றிப் பேசுகிற வாய் இதைப் பற்றி மூடிக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிடுகிறோம்.

அடியைப் பற்றி நேராகவே பேச வேண்டும். வடகிழக்கின் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நேரில் கேட்டுச் செய்து 2008 இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. போரை அதிகம் கண்ட பிள்ளைகளுக்கு வீட்டிலும் அடி அதிகம். அப்பாவின் குடி கூடக் கூட அதுவும் கூடியது. போரும் அடியும் சேர்ந்து விழும்போது பிள்ளையின் மனம் இன்னும் அதிகமாகப் பாதிக்கப்படுகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் ஆய்வும் அனுபவமும் ஒன்றையே சொல்கின்றன. ஆகவே உங்கள் மகனின் நடுக்கத்துக்கு 2009 காரணமா, நேற்று விழுந்த அடி காரணமா என்று கேட்டால், நேற்றைய அடியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மனம் வருந்த வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நடந்து முடிந்ததில் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அடி உங்கள் கையில் இருக்கிறது. நல்ல செய்தியும் ஒன்று உண்டு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 இன் நடுப்பகுதியில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் 22 சதவீதத்தினரிடமும் இருந்தன. வன்னியில் அதைவிடக் கூடவே இருக்கும். இருந்தாலும், பட்டவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்ல. அடிபட்டவர்கள் எல்லோரும் அடிப்பவர்களும் அல்ல.

உங்கள் அப்பப்பாவின் அடியைப் புரிந்துகொள்ள அவருடைய காலத்துக்குப் போக வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003 இல்தான் வந்தது. ஆணியில் தொங்கும் பை முள்ளிவாய்க்காலில் தொடங்கவில்லை, தங்கச்சி. உங்கள் குடும்பத்தில் கடதாசிக்குப் பயப்படுவது அதைவிட அறுபது வருடம் பழையது. கங்காணிக்கும் துரைக்கும் பொலிசுக்கும் முன்னால் தலை நிமிர்த்திய பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்த தகப்பன், உலகம் அடிக்கும் முன் தானே அடித்துத் தலையைக் குனியப் பழக்குகிறான். இனவாதம் வீட்டுக்குள் நுழைவது அப்படித்தான்; பிள்ளை வளர்ப்பின் உருவத்தில் வருகிறது. அப்பப்பாவின் பிரம்பில் அன்பும் இருந்தது, அந்தப் பயமும் இருந்தது. அடி வாங்கிய உங்கள் அப்பாவுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரிந்திருக்காது.

எங்கள் துறையினர் பலரோடு நான் முரண்படுவது ஓரிடத்தில். பயத்தை எல்லாம் பழைய காயம் என்று சொல்லி ஆறுதல் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. போர் முடிந்து பல வருடங்கள் கழித்தும் இங்கே பல முன்பள்ளிகளைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் உள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் நடத்தியது. கேப்பாப்புலவில் சனங்கள் தங்கள் சொந்தக் காணிக்காக 2017 இல் படைமுகாம் வாசலில் இரவும் பகலும் இருந்தார்கள். அப்படியான ஊரில் சீருடையைக் கண்டு ஒதுங்கும் பிள்ளை நோயாளி அல்ல. அவன் சரியாகத்தான் பார்க்கிறான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறத்தாழ இருநூறு பூர்வகுடிச் சமூகங்களைப் பற்றி சாண்ட்லர், லலோண்ட் என்ற இருவர் 1998 இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தலைமுறை தலைமுறையாக நிலமும் மொழியும் பிள்ளைகளும் பறிக்கப்பட்ட மக்கள் அவர்கள். காணி உரிமைக்காகப் போராடியும், தங்கள் பாடசாலையையும் சுகாதாரத்தையும் பொலிசையும் தாங்களே நடத்தியும் வந்த சமூகங்களில் இளையோர் தற்கொலை மிகக் குறைவு, சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. அப்படி எதுவும் இல்லாத சமூகங்களில் மிக அதிகம். காரணம் இதுதான் என்று அந்த ஒரு ஆய்வால் மட்டும் நிறுவ முடியாது. ஆனால் ஆறுவது தலைக்குள் மட்டும் நடக்கிற வேலை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் காணவில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நெடுங்காலம் வேலை செய்த மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களுக்கு நேர்ந்ததைக் கூட்டு மனவடு என்றே எழுதினார். தனி ஆளை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்தால் போதாது என்றார். ஆகவே இது ‘என்னோடு நிற்குமா’ என்ற கேள்வியின் முழுப் பாரத்தையும் நீங்கள் ஒருத்தி தலையில் தூக்க வேண்டாம். ஒரு பாதியை இறக்க வேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள்.

அந்த வேறிடம் எப்போதும் கொழும்பு என்றும் நினைக்காதீர்கள். உங்கள் மகனைத் ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்ன பிள்ளை தமிழ்ப் பிள்ளை. அவனுடைய வீட்டிலும் ஆணியில் ஒரு பை தொங்கும். அந்தச் சொல்லை அவன் வீட்டில்தான் கேட்டிருப்பான். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கிணறு தோண்டி வாழ்ந்த குடும்பங்கள் மூன்றாம் தலைமுறையிலும் காணி உறுதி இல்லாமல் இருப்பதற்கு அரசாங்கம் மட்டும் காரணம் அல்ல. எங்கள் சொந்த அலுவலர்களின் அலட்சியமும் காரணம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றினார்கள்; முல்லைத்தீவிலும் மன்னாரிலும் அயல்வீட்டுக்காரராக இருந்த நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பற்றியும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பட்டவர்கள் என்பதால் நாங்கள் பிறரைக் காயப்படுத்த மாட்டோம் என்று ஆகிவிடாது. வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுங்கள், மன்றாட வேண்டாம், என் பிள்ளையை இன்ன சொல்லால் அழைக்கிறார்கள், நிறுத்த வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். மகனுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள்: தோட்டங்களுக்கு ஆள் எடுத்த அந்தப் பழைய நாளில், அவனுடைய முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி இந்த வன்னிக் காட்டு வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியில் செத்தவர்களை இந்தக் காட்டிலேயே புதைத்தார்கள். 2023 இல், இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பெருங்கூட்டம் அதே வழியை நடந்தே போனது. உங்கள் அப்பப்பா 1977 இல் இங்கே வந்தபோது தன் மூதாதையர் கிடக்கும் மண்ணுக்குத்தான் திரும்பி வந்தார். இதைத் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சொல் முன்போல் குத்தாது.

இனி வீட்டில் என்ன செய்யலாம். இடி இடிக்கும்போது மறைக்காதீர்கள், சொல்லுங்கள்: “அம்மாவுக்கு இந்தச் சத்தம் பழைய ஷெல்லை நினைவுபடுத்துகிறது. இது இடிதான். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சரியாகிவிடும்.” மூன்று வசனம் போதும். இரண்டு பேரும் சேர்ந்து மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட மெல்ல விடுங்கள். இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியினரை நடந்ததை முழுதாகச் சொல்ல வைத்தார்கள். மறு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பகுதியில் 81 சதவீதமும் இரண்டாம் பகுதியில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் அது பெரிய வேறுபாடு அல்ல. கை ஓங்கும்போது முற்றத்துக்கு இறங்கிவிடுங்கள். ஓங்கிய கை விழுந்துவிட்டால், அன்றிரவு படுக்கும் முன் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். எங்கள் ஊரில் பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று பயப்படுகிறோம். நான் கண்ட எந்த வீட்டிலும் மதிப்புப் போகவில்லை. ஒரு பையன் என்னிடம் வந்து, “அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டா” என்று மெல்லச் சொல்லிவிட்டு ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கதையைத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள். அப்பப்பாவின் தோட்டத்துக் குளிரிலிருந்து தொடங்கலாம், அவர் இங்கே தோண்டிய கிணற்றிலிருந்து தொடங்கலாம். இறந்தவர்களின் பெயரையும் அவர்களுக்குப் பிடித்ததையும் சொல்லுங்கள். அவர்கள் கிடந்த கோலத்தைச் சொல்ல வேண்டாம். யார் தண்ணீர் தந்தார்கள், யார் பிள்ளையைத் தூக்கி வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் கேட்பதற்கு மேல் ஒரு படி போகாதீர்கள். யாராவது ஒருநாள் பட்டறைக்கு வந்து, நடந்ததில் மிக மோசமானதை வரையச் சொன்னால் பிள்ளையை விடாதீர்கள். முகாமை விட்டு வந்த தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தோடு போய் நானும் அப்படி வரைய வைத்தேன். பிள்ளைகள் வரைந்தார்கள், அழுதார்கள், நாங்கள் தாள்களை எடுத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினோம். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது உதவாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்பது இன்று நன்றாகத் தெரிந்த உண்மை. மறுநாளும் பக்கத்தில் இருப்பவரிடம்தான் பிள்ளை பேச வேண்டும்.

அவன் பாடசாலைக்குப் போக மறுத்தால், வாரக்கணக்கில் நித்திரை கொள்ளாவிட்டால், படுக்கையை நனைத்தால், சாக வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு ஓர் அலுவலர் இருப்பார், கேளுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். நீங்களும் ஒரு நாள் உங்களுக்காகப் போய்ப் பேசுங்கள். நீங்கள் எழுதியதில் மகனைப் பற்றி இருபது வரி இருக்கிறது, உங்கள் நித்திரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கஞ்சியைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் வர விரும்பினால் கூட்டிப் போங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். போகும் முன்பே சொல்லி வையுங்கள்: அங்கே பெரியவர்கள் சத்தமாக அழுவார்கள், சிலர் மண்ணில் விழுவார்கள், புலனாய்வுக்காரர் படம் எடுக்கவும் கூடும். ஓரமாக நில்லுங்கள். அவன் போவோம் என்று சொன்ன உடனே புறப்படுங்கள். வரமாட்டேன் என்றால் வீட்டிலேயே வையுங்கள்: ஒரு சுண்டு அரிசி, நிறையத் தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால் விட வேண்டாம். சிரட்டையில் ஊற்றிக் கொடுங்கள். ருசியில்லை என்று அவன் முகத்தைச் சுளித்தால் கோபப்படாதீர்கள். அன்று அந்த வரிசையில் நின்று வாங்கியபோது உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.